தங்கச்சி தைத்த பட்டை

என் தங்கச்சிக்கு நான் நாற்பதாயிரம் கடன்பட்டிருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ரெக்சின் மொத்த வியாபாரி முதல் டீக்கடைக்காரர் வரை போய், இந்த ஆள் உங்களுக்கு ஏதாவது பாக்கி வைத்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றுதான் சொல்வார்கள். இந்த ஒரு கடன் மட்டும் இருபது வருஷத்துக்கு மேல் நின்றது. அதுவும் நான் கொடுக்காமல் நின்றதில்லை. அவள் வாங்காமல் நின்றது.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அதற்கு மேல் படிப்பு என்னை விட்டுவிட்டதா, நான் அதை விட்டேனா என்பது இப்போது முக்கியமில்லை. இன்றைக்கு எங்கள் சாலையில் பத்து வேன் போனால் நாலு வேனுக்கு சீட் கவர் என் கடையில் தைத்தது. பின்னாலிருந்து பார்த்தே சொல்லுவேன். இந்தக் கடைக்கு முதல் மெஷின் வாங்கத்தான் அந்த நாற்பதாயிரம். கனமான ரெக்சினையும் நாலு மடிப்பு கேன்வாஸையும் வெண்ணெய் மாதிரி தைக்கிற மெஷின், செகண்ட் ஹேண்ட். பேங்கில் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. தங்கச்சி ஒரு சட்டைக் கம்பெனியில் காலர் தைத்துச் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்து வந்து, கணக்குக் கேட்காமல் என் கையில் வைத்தாள்.

மூன்றே வருஷத்தில் பணத்தை எண்ணி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாங்க மாட்டேன் என்றாள்.

"உங்கிட்டயே இருக்கட்டும் அண்ணே. எங்கிட்ட வந்தா கேஸ் சிலிண்டருக்குப் போகும், வாடகைக்குப் போகும், போன இடம் தெரியாம போகும். எனக்கு எப்ப வேணுமோ அப்ப கைய நீட்டுவேன். அன்னிக்கு எண்ணி வை."

"வட்டியாவது வாங்கிக்க."

"வட்டிக்கு உன்னைத் திட்டிக்கறேன்."

சொன்னபடி வட்டியைத் தவறாமல் வசூலித்தாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "வாடா கடன்காரா" என்பாள். நான் அவளுக்கு எட்டு வயசு மூத்தவன். என்னை வேறு எவனாவது அப்படிச் சொல்லியிருந்தால் பல் இருந்திருக்காது.

கம்பெனியை விட்ட பிறகு அவளும் என் கடையில்தான் தைத்தாள். கடையில் எல்லாரும் அவளை ஊசி என்பார்கள். கைக்காகவா வாய்க்காகவா என்று கேட்டால், ரெண்டுக்கும்தான். அவள் தைத்த தையலைப் பிரிக்க பிளேடும் பொறுமையும் வேண்டும். தைத்து முடித்ததும் முட்டியில் வைத்து இரண்டு பக்கமும் இழுத்துப் பார்ப்பாள். நூல் 'க்ரீச்' என்று ஒரு சத்தம் கொடுத்தால் மறுபடி தைப்பாள். துண்டு துணியைத் தூக்கிப் போட மாட்டாள். உள்ளங்கை அகல ரெக்சின்கூட ஒரு கோணியில் போய்ச் சேரும். கடைப் பைகளின் காது அறுந்தால், குடை கிழிந்தால், அடுத்த வீட்டுப் பிள்ளையின் புத்தகப் பை வாயைப் பிளந்தால், எல்லாம் அவளிடம் வரும். "தைச்சா சரியாயிடும்" என்பதுதான் அவள் வாயில் அதிகம் வரும் வார்த்தை. எங்கள் தொழிலில் எல்லாருக்குமே அந்த நம்பிக்கை உண்டு. கிழிந்தது எதுவும் எங்கள் கண்ணுக்குக் குப்பை இல்லை.

அவள் வீட்டுக்காரர், என் மாப்பிள்ளை, அதே சாலையில் நம்பர் பிளேட் எழுதுகிறவர். சாதுவான மனுஷன். ஒரு நாளைக்கு நூறு வார்த்தை பேசினால் அதிகம். ஆனால் எட்டு என்று ஒரு எழுத்துப் போட்டால் பார்த்துக்கொண்டே இருக்கலாம், இடுப்பு வைத்த பெண் மாதிரி நிற்கும். அவருக்குப் பல வருஷமாகத் தலைவலி. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு பிரஷ்ஷை எடுத்துவிடுவார். தலைவலி பெயின்ட் வாசனையால் என்று அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம். கால் வீங்கி, மூச்சு வாங்கி, பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டபோதுதான் தெரிந்தது: ரத்த அழுத்தம். எத்தனை வருஷமாக ஏறி நின்றதோ தெரியாது. சத்தமில்லாமல் இரண்டு கிட்னியையும் தின்றுவிட்டுத்தான் வெளியே தலையைக் காட்டியது.

அப்புறம் வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். பஸ்ஸில் அரை நாள் போகவேண்டிய தூரம் என்பதால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துத் தங்கினார்கள். நாற்காலியில் சாய்ந்தபடி, இடது கையில் இரண்டு குழாய், அவர் ரத்தம் வெளியே போய்ச் சுற்றிவிட்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன். எனக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது என்று அதுவரை சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த அறையை விட்டு வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும் என்றார்கள். நாக்கு வறண்டு, ஐஸ் துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கிட்னி கொடுப்பதென்று தங்கச்சி முடிவு செய்தபோது யாரையும் கேட்கவில்லை. டெஸ்ட் எல்லாம் பொருந்திய பிறகுதான் எனக்கே சொன்னாள். நான் சத்தம் போட்டேன்.

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ரெண்டு இருக்கு. ஒண்ணு அவருக்கு."

"அது ஒழுங்கா வேலை செய்யும்னு என்ன கேரண்டி?"

"நம்ம கடைல சீட் கவருக்கே ஒரு வருஷம் கேரண்டி எழுதித் தர்றோம். கடவுள் தைச்சதுக்குக் கேரண்டி கேக்கறியா கடன்காரா?"

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அரசாங்க ஆஸ்பத்திரி, பெரிதாகச் செலவில்லை. மருந்தும் அங்கேயே கொடுத்தார்கள். புதுக் கிட்னி வைத்த அன்றே மாப்பிள்ளைக்குச் சிறுநீர் வந்தது. தங்கச்சி பக்கத்து வார்டில் படுத்துக்கொண்டு, "என் சாமான் வேலை செய்யுதா?" என்று கேட்டனுப்பினாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார். நானும் பின்னால் நின்றேன். கிட்னியை உடம்பு ஒதுக்காமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரைகளே அழுத்தத்தை ஏற்றிவிடும். ஏறின அழுத்தம் புதுக் கிட்னியையும் பழசு மாதிரியே அரிக்கும். "அதனால வீட்டுல ஒரு மெஷின் வெச்சுக்கோங்க. காலைல, சாயங்காலம், மாத்திரைக்கு முன்னாடி பாருங்க. மேல நூத்தி முப்பது, கீழ எண்பது. அதுக்குள்ள இருக்கணும்." டயாலிசிஸ் ஊசி போடுவதற்கென்று நரம்பைச் சேர்த்துத் தைத்திருந்த இடது கையில் பார்க்கக் கூடாது, வலது கையில்தான் பார்க்க வேண்டும் என்றார். முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, பேசாமல் ஐந்து நிமிஷம் உட்கார்ந்த பிறகு பார்க்க வேண்டும்.

"பேசாம இருக்கறது அவருக்குப் பழக்கம்தான். நான்தான் கஷ்டப்படணும்" என்றாள் தங்கச்சி. டாக்டரம்மா சிரித்தார்.

மெஷின் வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று அவளே வாங்கினாள். கையில் சுற்றுகிற பட்டை, அதற்குள் காற்று ஏறுகிற ரப்பர் பை, ஒரு குழாய், எண் காட்டுகிற சின்னப் பெட்டி. அவ்வளவுதான். அந்தப் பெட்டிதான் அதற்குப் பிறகு அந்த வீட்டின் எஜமான். நூற்றி இருபத்தாறு என்று காட்டினால் வீட்டில் சிரிப்பு கேட்கும். நூற்றி முப்பத்தைந்து என்றால் தங்கச்சி மாப்பிள்ளையின் தட்டை எடுத்து மோந்து பார்ப்பாள், உப்பு எங்கே அதிகமானதென்று. வாழ்நாள் முழுக்க எண் எழுதிப் பிழைத்த மனுஷன், அந்தப் பெட்டியில் எண் வருவதற்குள் கண்ணை மூடிக்கொள்வார்.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரி. இடையில் ஏதாவது என்றால் டாக்டரம்மாவுக்கு போன். கிரியாட்டினின் என்று ஒன்று சொல்வார்கள், கிட்னி எப்படி வேலை செய்கிறதென்று ரத்தத்தில் பார்ப்பது, ஏறினால் ஆபத்து. அது ஒன்று புள்ளி மூன்றில் ஆணி அடித்த மாதிரி நின்றது. மாப்பிள்ளை மறுபடி கடையைத் திறந்தார். தங்கச்சி மறுபடி வாயைத் திறந்தாள்.

அப்போதுதான் பட்டை கிழிந்தது.

தினமும் இரண்டு வேளை சுற்றிச் சுற்றி ஒட்டுகிற பக்கம் தேய்ந்துபோய், காற்று ஏறும்போதே 'டர்' என்று பிரிந்துகொண்டது. ஓரத்துத் தையலும் விட்டுவிட்டது. உள்ளே இருந்த ரப்பர் பை ஒரு பக்கமாக நழுவி எட்டிப் பார்த்தது. வேறு யாராக இருந்தாலும் மருந்துக் கடைக்குப் போயிருப்பார்கள். தங்கச்சி அதைக் கடைக்குக் கொண்டுவந்தாள்.

"தைச்சா சரியாயிடும்" என்றாள்.

நல்ல மெல்லிய ரெக்சினாக நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பழைய துணியைப் பிரித்தாள், புது உறை வெட்டினாள், புதிதாக ஒட்டுப்பட்டை வைத்தாள். ரப்பர் பை மறுபடி நழுவக் கூடாதே என்று அதன் இரண்டு ஓரத்தையும் உள்பக்கமாக மடித்து, மடிப்புக்கு வெளியே ரப்பரில் ஊசி படாமல் நெருக்கி இரட்டைத் தையல் போட்டாள். முட்டியில் வைத்து இழுத்துப் பார்த்தாள். நூல் வாயைத் திறக்கவில்லை. காற்று அடித்துப் பார்த்தோம், கசியவில்லை. "கம்பெனிக்காரனே இப்படித் தைக்க மாட்டான்" என்று சொன்னேன். சொன்னது பொய்யில்லை.

அதே வாரம் மாப்பிள்ளை ஒரு பழைய கஸ்டமரோடு ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்தார். மறுநாள் காலை பெட்டி நூற்றி நாற்பத்தொன்பது காட்டியது.

"ஹோட்டல் உப்பு" என்றாள் தங்கச்சி. அன்றைக்கு அவர் வாங்கிய திட்டில் அரைக் கிலோ இறங்கியிருப்பார்.

சமையலில் உப்பை நிறுத்தினாள். எண் இறங்கவில்லை. நூற்றி ஐம்பத்தாறு. அப்புறம் நூற்றி ஐம்பத்திரண்டு. அப்புறம் நூற்றி அறுபதைத் தொட்டது. போன் பேசினார்கள். டாக்டரம்மா ஒரு மாத்திரையைக் கூட்டினார், சில நாள் பார்த்துவிட்டு மறுபடி சொல்லுங்கள் என்றார். கொஞ்சம் இறங்கியது, ஆனாலும் நூற்றி நாற்பதுக்குக் கீழே வரவே இல்லை. மறுபடி போன். இன்னொரு மாத்திரை சேர்ந்தது. "ஒரு தடவை நேர்ல கூட்டிட்டு வாங்க, ரத்தம் பாக்கணும்" என்றும் சொன்னார். ஒரு வேன் கம்பெனிக்கு மொத்தமாக நம்பர் பிளேட் எழுதி முடிக்க வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை போகலாம் என்றார் மாப்பிள்ளை.

தங்கச்சி கடைக்கு வருவாள், மெஷினில் உட்காருவாள், ஆனால் பேச மாட்டாள். அது எங்களுக்கு எப்படி இருந்தது தெரியுமா? ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றுபோன மாதிரி. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அவரோடதை இதேதான் தின்னுச்சு" என்றாள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்ப என்னோடதையும் தின்னப் போகுது. இன்னொண்ணு குடுக்க என்கிட்ட இல்லையே அண்ணே."

நான் எதற்கும் பதில் வைத்திருப்பவன். அன்றைக்கு அவள் மெஷினில் தீர்ந்திருந்த நூலை மாற்றிக் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், முகம் சுண்ணாம்பு மாதிரி. எழுந்தால் தலை சுற்றுகிறது என்றார். பிரஷர் ஏறினால் சுற்றத்தானே செய்யும் என்று மூன்று பேரும் நினைத்தோம். அவர் மனசைத் தேற்றலாமே என்று, "எங்க, எனக்குப் பாரு. நான் எப்படி இருக்கேன்னு காட்டறேன்" என்று கையை நீட்டினேன். சின்ன வயசில் சிமென்ட் மூட்டை தூக்கிய கை. இப்போதும் ரெண்டு கையால் பிடித்தால்தான் பிடிபடும்.

பட்டை இறுக்கியது. பெட்டி நூற்றி எழுபத்தெட்டு காட்டியது.

"மச்சானுக்கும் இருக்கு" என்றார் மாப்பிள்ளை மெதுவாக.

"பேசிக்கிட்டே இருந்தா ஏறாதா?" என்று நான் சிரித்து மழுப்பினேன். தங்கச்சி பட்டையை எடுத்துத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். நூற்றி நாற்பத்தாறு. ஒற்றைக் கிட்னிக்காரி. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. "டென்ஷன்தான், வேறொண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வீட்டில் என் பெண்சாதியிடம் எதுவும் சொல்லவில்லை. படியேறினால் மூச்சை எண்ணினேன். யானைக்கு வந்தாலும் தாங்கும், பூனைக்கு வந்தால் தாங்குமா என்பார்கள். நான் யானை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. ஒரு கடையில் தராசு எல்லாருக்கும் எடை கூட்டிக் காட்டினால், தராசைத்தானே சந்தேகப்படுவோம்? நாங்கள் மூன்று பேரும் எங்கள் உடம்பைச் சந்தேகப்பட்டோம். பயந்தவன் கண்ணுக்குத் தராசு தெரியாது.

வெள்ளிக்கிழமை வரவில்லை. அதற்கு முன்னால், காலையில் கடை திறந்த கொஞ்ச நேரத்தில், மாப்பிள்ளை முக்காலியிலிருந்து எழுந்தார், அப்படியே சரிந்தார். கையில் இருந்த பிரஷ் ஒரு வெள்ளை நம்பர் பிளேட்டின் மேல் கறுப்பாக இழுத்துக்கொண்டு போனது. எதிர்க் கடைக்காரர் வந்து என்னைக் கூப்பிட்டார். நான் ஓடும்போது தங்கச்சி எனக்கு முன்னால் ஓடினாள். கத்தரிக்கோல் அவள் கையிலேயே இருந்தது.

நினைவு இருந்தது. முகம் ஈரமாக, சில்லென்று இருந்தது. "நேத்திலேர்ந்து ஒண்ணுக்குச் சரியாப் போகல" என்று அப்போதுதான் சொன்னார்.

தங்கச்சி அவரைத் திட்டவில்லை. கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு அவர் தலையைத் தூக்கிப் பிடித்தாள்.

கடையில் ஒரு கஸ்டமரின் வேன் நின்றது, பழைய கவரைப் பிரித்து புதுசு போடாமல். ரெக்சின் வாங்க வைத்திருந்த ஐம்பதாயிரத்தோடு கல்லாவில் இருந்த பணத்தை எல்லாம் எடுத்து இடுப்புப் பையில் போட்டுக்கொண்டேன். ஆஸ்பத்திரி என்றால் எது எப்போது கேட்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? வேன்காரருக்கு போன் பண்ணி, உன் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன். அவர், போங்கண்ணே, பெட்ரோல் இருக்கு என்றார். மாப்பிள்ளையை வெறும் ஃபோம் மேல் படுக்க வைத்தோம். தங்கச்சி தரையில் உட்கார்ந்து அவர் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் அவள் பேசியது ஒரே வார்த்தை.

"மெதுவாப் போகாத அண்ணே."

நான் மெதுவாகப் போகவில்லை. கிட்னி வைத்தவரை இங்கே யாரும் தொட மாட்டார்கள் என்று நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கே விட்டேன். ஸ்டியரிங்கில் என் கை வழுக்கியது. பின்னால் சத்தம் நின்றால் திரும்பிப் பார்க்கப் பயம். சத்தம் வந்தாலும் பயம். மறுபடி அந்த நாற்காலி, மறுபடி இரண்டு குழாய், கன்னத்தில் ஐஸ் துண்டு. என் தங்கச்சியின் வயிற்றைக் கீறி எடுத்தது வீணாகிவிட்டதென்றால், நான் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

அவசரப் பிரிவில் ஒரு நர்ஸம்மா மாப்பிள்ளையின் வலது கையில் பட்டையைச் சுற்றினார். பார்த்தார். மறுபடி பார்த்தார். "எண்பத்தாறு, ஐம்பத்திரண்டு" என்று இளம் டாக்டரிடம் சொன்னார். "ரொம்ப லோ."

"லோ இல்லம்மா, ஹை" என்றேன் நான். "உங்க மெஷின் சரியில்ல. காலைல வீட்டுல நூத்தி நாற்பத்தி நாலு."

"ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"நான் தள்ளித்தான் நிக்கறேன். உங்க மெஷினத் தள்ளி வெச்சுட்டு வேற எடுத்துட்டு வாங்க."

வேறு எடுத்து வந்தார், பாதரசம் ஏறுகிற பழைய மாதிரி, காதில் குழாய் வைத்துக் கேட்பது. எண்பத்துநாலு. உடனே டிரிப் ஏற்றினார்கள், அழுத்த மாத்திரைகளை நிறுத்தச் சொன்னார்கள், ரத்தம் எடுத்தார்கள், வயிற்றில் ஸ்கேன் வைத்து புதுக் கிட்னிக்குப் போகிற ரத்தக் குழாயைப் பார்த்தார்கள். எல்லாம் ஓய்ந்த பிறகு அந்த நர்ஸம்மா தங்கச்சியிடம் வந்து, "வீட்டு மெஷின் கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

தங்கச்சி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

நர்ஸம்மா அதை முதலில் தன் கையிலேயே சுற்றிப் பார்த்தார். புருவம் ஏறியது. ஆஸ்பத்திரிப் பட்டையைப் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் கட்டை விரலால் அழுத்தித் தடவினார், நாங்கள் ஃபோமுக்குள் கட்டி இருக்கிறதா என்று பார்ப்போமே, அதே மாதிரி. அவர் விரல் அந்த இரட்டைத் தையலில் போய் நின்றது.

"இதை யார் தைச்சது?"

"நான்தாம்மா" என்றாள் தங்கச்சி.

"ரொம்ப அழகாத் தைச்சிருக்கீங்க" என்றார் நர்ஸம்மா, குரலை இறக்கி. "ஆனா உள்ள இருக்கற பை பாதி அகலம் ஆயிடுச்சும்மா. பை கை அளவுக்கு இருந்தாத்தான் சரியாக் காட்டும். குறுகிடுச்சுன்னா நரம்பை அமுக்க அதிகமா இறுக்க வேண்டியிருக்கும், மெஷினும் அதிகமாவே காட்டும். கை பெருசா இருந்தா இன்னும் அதிகமாக் காட்டும்." என் கையைப் பார்த்தார். நான் கையை மடக்கிக்கொண்டேன். "அவருக்கு பிரஷர் ஏறவே இல்ல. இல்லாத பிரஷருக்கு மாத்திரை கூட்டிக் கூட்டி, உண்மையானது இறங்கிடுச்சு. கிட்னிக்கு ரத்தம் பத்தல."

எனக்கு பிரஷர் இல்லை என்று அந்த நிமிஷத்தில் தெரிந்தது. ஒரு சந்தோஷமும் வரவில்லை.

டாக்டரம்மா வந்தார். கிரியாட்டினின் இரண்டு புள்ளி ஒன்பது என்றார். குழாயில் அடைப்பில்லை, உடம்பு கிட்னியை ஒதுக்குகிற மாதிரி இப்போதைக்குத் தெரியவில்லை, அதையும் கவனிப்போம். ரத்தம் குறைந்ததால் கிட்னி சோர்ந்து போயிருக்கிறது. "திரும்பி வருமா?" என்று தங்கச்சி கேட்டாள். "பெரும்பாலும் வரும். ஆனா நான் இப்பவே சத்தியம் பண்ண முடியாது. சிறுநீர் எவ்வளவு வருதுன்னு பாப்போம்."

பெரும்பாலும். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். கட்டில் ஓரத்தில் தொங்கிய பையில் சிறுநீர் ஒரு விரல் உயரத்துக்குக்கூட இல்லை. தங்கச்சி உள்ளே போவாள், பையைப் பார்ப்பாள், வெளியே வருவாள். உதட்டைப் பிதுக்குவாள். மறுபடி போவாள்.

அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து பட்டையையும் ஒரு பாதி பிளேடையும் எடுத்தாள். பிரிக்க ஆரம்பித்தாள். தன் தையலைத் தானே, ஒவ்வொரு கண்ணியாக. நூல் விடவில்லை. அவள் தைத்ததாயிற்றே, எப்படி விடும்? பிளேடு விரலில் பட்டு ரத்தம் வந்தது.

"விடும்மா, குப்பைல போடு" என்றேன்.

"என் கையே என் சாமானைக் கெடுத்துடுச்சே அண்ணே. நூறு பேரு பைய தைச்சுக் குடுத்த கை. அவரைக் கொல்லப் பாத்திருக்கு."

"ரெக்சின் எடுத்துக் குடுத்தது நான். கம்பெனிக்காரனே இப்படித் தைக்க மாட்டான்னு சொன்னதும் நான்தான்."

"ஆமா. நீ ஒரு பெரிய டாக்டர்." சொல்லும்போதே அழுதுவிட்டாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. ஆபரேஷன் அன்றைக்குக்கூடச் சிரித்துக்கொண்டுதான் உள்ளே போனாள். என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கையிலிருந்த பிளேடை வாங்கி நான் பிரிக்க ஆரம்பித்தேன். வாழ்க்கையில் எத்தனையோ தையல் பிரித்திருக்கிறேன். இந்த மாதிரி ஒன்றைப் பிரித்ததில்லை. கடைசியில் ரப்பர் பை மடிப்பு விரிந்து வெளியே வந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அதன் நிஜ அகலம் அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் பொழுது ஏறிய பிறகு நர்ஸம்மா கதவைத் திறந்து எங்களைக் கையசைத்துக் கூப்பிட்டார். கூப்பிடுகிற கையில் நல்லதா கெட்டதா என்று எழுதியா இருக்கிறது? தங்கச்சி போனாள். நான் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் குரல் வராந்தா வரை கேட்டது.

"முந்தாநேத்தே ஒண்ணுக்கு வரலன்னு எங்கிட்ட சொல்லறதுக்கு என்னய்யா கேடு? நம்பர் பிளேட்டு முக்கியமாப் போச்சா? வாயில என்ன, தையலா போட்டிருக்கு?"

பை நிரம்பிக்கொண்டிருந்தது. அவள் திட்டத் தொடங்கியதும் எனக்குத் தெரிந்துவிட்டது, கிட்னி திரும்பிவிட்டதென்று. டாக்டர் சொன்னது அப்புறம்தான்.

கிரியாட்டினின் நாளுக்கு நாள் இறங்கியது. பழைய ஒன்று புள்ளி மூன்றுக்குப் போகவில்லை, ஒன்றரையில் நின்றது. இன்னும் இறங்கலாம், இறங்காமலும் போகலாம், இதோடும் நன்றாக வாழலாம் என்றார் டாக்டரம்மா. தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். அவர் அவளைத் திட்டவில்லை. மூன்று விஷயம் சொன்னார். பட்டை தேய்ந்தால் புதுசு வாங்க வேண்டும், அதுவும் கை அளவுக்கு. ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரி வரும்போதும் வீட்டு மெஷினை எடுத்து வந்து இங்கே ஒத்துப் பார்க்க வேண்டும். எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கக் கூடாது. மாப்பிள்ளையின் கை அளவை டேப் வைத்து எடுத்து, எந்த அளவுப் பட்டை என்று எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று, மாப்பிள்ளையை வேனில் உட்கார வைத்துவிட்டு நானும் தங்கச்சியும் ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே இருந்த மெடிக்கல் சாமான் கடைக்குப் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் மெஷின்கள் வரிசையாக இருந்தன. நான் இடுப்புப் பையைத் திறந்தேன். கல்லாவிலிருந்து எடுத்து வந்தது பெரும்பாலும் அப்படியே இருந்தது.

"இருக்கறதுலயே நல்லதா எடு. அண்ணன் வாங்கித் தர்றேன்."

"வேண்டாம்."

"இப்பக்கூடவா ரோஷம்?"

"ரோஷம் இல்ல. எனக்குக் கைய நீட்டத் தெரியல. அதான் கிழிஞ்சதத் தைச்சேன். உங்கிட்ட என் காசு இருக்கு, ஒரு பட்டை வாங்க எடுத்துக்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல பாரு." கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "பெரிய ஆபத்துக்குன்னு வெச்சிருந்தேன். ஆபத்து பெருசா வரும்னு நெனச்சேன். அது பட்டை தேஞ்சு வந்துச்சு."

பிறகு என் பக்கம் திரும்பி, வலது கையை நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்த்தபடி. பிளேடு கீறிய இடத்தில் இன்னும் காயம் ஆறியிருக்கவில்லை.

"கடன்காரா. எடு."

"முழுசா?"

"முழுசாத்தான். இனிமே அது என் வீட்டுலயே இருக்கட்டும். மெஷினுக்குப் பக்கத்துல."

கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார், வேனிலிருந்து மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். நான் இடுப்புப் பையிலிருந்து நோட்டுக் கட்டை எடுத்து, விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டுச் சொல்லியபடி ஒவ்வொரு நோட்டாக அவள் உள்ளங்கையில் வைத்தேன், நாற்பதாயிரம் ஆகும்வரை.